பசிபிக் கரையில் இருக்கும் கல்லூரிக்கு அட்லாண்டிக் லீகில் என்ன வேலை?

கேள்வி, 2024 ஆகஸ்ட் 27

பெர்க்லியில் எம்.எஸ். படிக்க வந்து ஒரு வாரம் ஆகிறது. ஓரியன்டேஷனில் நீல டி-ஷர்ட் ஒன்று கொடுத்து, "இந்த வருடம் முதல் நாம் ஏசிசியில்" என்று எல்லோரும் கைதட்டினார்கள். ஏசிசி என்றால் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸாம். வகுப்பு முடிந்து மேடேறிப் பார்த்தால் எனக்குத் தெரிவது பசிபிக் பக்கம். ரூம்மேட்டிடம் கேட்டால் "எல்லாம் டிவிக்காரன் காசாசை" என்கிறான். அவ்வளவுதானா?

ஆகஸ்ட் 27, இரவு

ரூம்மேட் சொன்னதில் பாதி சரி. மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நான் 2008 முதல் 2010 வரை வாஷிங்டன் மாநிலத்துப் புல்மனில், வாஷிங்டன் ஸ்டேட்டில் படித்தவன். அப்போது எங்கள் கூட்டணிக்குப் பெயர் பேக்-10, அதாவது பசிபிக்-10. பிறகு பேக்-12 ஆனது. இப்போது அதில் இருப்பது இரண்டே கல்லூரிகள்: எங்களுடையதும் ஆரிகன் ஸ்டேட்டும். உங்கள் பெர்க்லியும் போன மாதம் வரை எங்களோடு இருந்ததுதான்.

கான்ஃபரன்ஸ் என்பதைக் கூட்டணி என்றே புரிந்துகொள்ளுங்கள். முன்னே பக்கத்து ஊர்க் கல்லூரிகள் சேர்ந்து ஆடுவதற்காகப் போட்ட ஏற்பாடு. இப்போது சேர்ந்து டிவி உரிமையை விற்பதற்கான ஏற்பாடு. பெயர்களை நம்பாதீர்கள். பிக் டென் என்ற கூட்டணியில் பதினெட்டு கல்லூரி, பிக் 12 என்ற கூட்டணியில் பதினாறு, பேக்-12ல் இரண்டு. இத்தனை பல்கலைக்கழகங்களிலும் ஒரு கணக்கு வாத்தியார்கூட இல்லை போலிருக்கிறது.

2011ல் வேலைக்காக நியூ ஜெர்சிக்கு வந்தேன், இன்னும் எடிசனில்தான் இருக்கிறேன். அதனால் ஒரு பெரிய வாக்கியம் சொல்லிக்கொள்கிறேன், நாளைக்கு விளக்குகிறேன்: என் கல்லூரியைக் கொன்றது என் கேபிள் பில்.

ஆகஸ்ட் 28

சரி, விளக்கம். நீளும்.

1984 வரை கல்லூரி ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடுவது) டிவியில் எது வரவேண்டும் என்று என்சிஏஏ என்ற தேசிய அமைப்புதான் முடிவு செய்தது. ஒரு கல்லூரி இரண்டு வருடத்தில் ஆறு தடவைக்கு மேல் டிவியில் வரக்கூடாது என்று விதியே இருந்தது. தினமும் டிவியில் காட்டினால் மைதானத்துக்கு யார் வருவார்கள் என்ற பயம். ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது. எதிர்த்து எழுதிய நீதிபதி பைரன் வைட் இளமையில் கொலராடோ கல்லூரியின் ஃபுட்பால் நட்சத்திரம். மற்றவர்களைவிட அந்த விளையாட்டை அறிந்தவர் அவர்தான், அவர்தான் வேண்டாம் என்றார். அதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து சரக்கு கல்லூரிகளின் கையில். தனியாக விற்றால் விலை கிடைக்காது, நாலு பேர் சேர்ந்தால் கிடைக்கும். நோட்ர டேம் மட்டும் தனிக்கடை: 1991 முதல் என்பிசியில் தன் சொந்த மைதான ஆட்டங்களைக் காட்டுகிறது. எங்கும் கத்தோலிக்க ரசிகர்கள் இருக்கும் கல்லூரி, அவர்களுக்குக் கட்டும். மற்றவர்களுக்குக் கட்டாது.

அடுத்து வந்தவர்தான் இந்தக் கதையின் மூளை: பிக் டென் கமிஷனர், அதாவது கூட்டணியின் தலைமை நிர்வாகி, ஜிம் டெலானி. 2004 வாக்கில் ஈஎஸ்பிஎன் அவருக்குக் குறைந்த விலை பேசியது. வாங்கிக்கொள், இல்லாவிட்டால் நீ பகடை உருட்டுகிறாய் என்ற தோரணையில் பேச்சு முடிந்தது. அப்படியானால் உருட்டிவிட்டேன் என்று எழுந்து வந்தாராம். 2007 ஆகஸ்ட் 30 அன்று பிக் டென் நெட்வொர்க் தொடங்கியது. ஃபாக்ஸின் சேனல். கேபிள் கம்பெனிகளிடம் அவர் கேட்டது, பிக் டென் கல்லூரி இருக்கும் எட்டு மாநிலங்களில் வீட்டுக்கு மாதம் 1 டாலர் 10 சென்ட். பார்க்கிறவன் வீட்டுக்கு மட்டும் இல்லை. எல்லா வீட்டுக்கும். சமையல் சேனல் மட்டும் பார்க்கும் பாட்டி வீட்டுக்கும்.

கேபிள் கம்பெனிகள் முடியாது என்றன. தொடங்கிய மூன்றாம் நாள் என்ன ஆனது தெரியுமா? மிஷிகன் தன் சொந்த மைதானத்தில், ஒரு லட்சம் பேருக்கு முன்னால், அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிடம் 34-32 என்று தோற்றது. அந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று. அது ஓடியது பாதி ஊருக்கு வராத இந்தப் புதுச் சேனலில். மறுநாள் கேபிள் ஆபீஸ்களில் எத்தனை போன் அடித்திருக்கும்! 2008 ஜூனில் காம்காஸ்ட் என்ற பெரிய கேபிள் கம்பெனி கையெழுத்துப் போட்டுவிட்டது.

இங்கேதான் எடிசன் வருகிறது. சொந்த மாநிலத்து வீட்டுக்கு ஒரு விலை, வெளி மாநிலத்து வீட்டுக்குச் சில்லறை. அப்படியானால் நியூ ஜெர்சியைச் சொந்த மாநிலமாக்க என்ன வழி? இங்கிருந்து ஒரு கல்லூரியைச் சேர்த்துக்கொள்வதுதான். 2012 நவம்பரில் ரட்கர்ஸையும் மேரிலாந்தையும் அழைத்தார்கள், 2014ல் சேர்ந்தார்கள். ரட்கர்ஸ் 1869ல் பிரின்ஸ்டனோடு அமெரிக்காவின் முதல் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தை ஆடி ஜெயித்தது. அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. ரட்கர்ஸ் ரசிகர்கள் மன்னிக்கவும், நான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரன். ஆனால் அது நியூயார்க் டிவி சந்தையில் இருக்கிறது. ஒரு கணக்குக்கு மாதம் ஒரு டாலர், பத்து லட்சம் வீடு என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 12 மில்லியன். ஒரு டச்டவுன்கூட அடிக்க வேண்டாம்.

என் கேபிள் பில்லில் அந்த வருடம் "விளையாட்டுக் கட்டணம்" என்று தனியாக ஒரு வரி. என் மனைவி அதைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். நாங்கள் சன் டிவிக்காக கேபிள் வைத்திருந்த குடும்பம்.

ஆகஸ்ட் 28, பிறகு

இரண்டு தப்பு, நானே திருத்திக்கொள்கிறேன்.

ஒன்று, ஃபாக்ஸின் சேனல் என்றேன். தொடங்கும்போது 51 சதம் பிக் டென்னுடையது, 49தான் ஃபாக்ஸ். பிறகுதான் ஃபாக்ஸ் கை ஓங்கியது. பேக்-12 கதைக்கு இது முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டு, மனைவி வட்டம் போட்ட வரி. பழைய பில்லைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த வரி உள்ளூர் பேஸ்பால், கூடைப்பந்து சேனல்களுக்கானது. பிக் டென் காசு அதில் இல்லை, அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. வரியாகப் போட்டிருந்தால் வட்டம் போட்டிருப்போம். போடவில்லை, அதனால் பத்து வருடம் கேள்வி கேட்காமல் கட்டினோம்.

ஆகஸ்ட் 31

பேக்-12 ஏன் செத்தது என்று கேட்டு மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். முதலில் புல்மனைப் பற்றி நாலு வரி, அது தெரியாமல் கோபம் புரியாது.

சியாட்டிலிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். கோதுமை வயல் மேடுகள், நடுவில் ஒரு கல்லூரி, சுற்றி ஒரு ஊர். நான் போய் இறங்கிய வாரம் ஊரில் பருப்புத் திருவிழா. நிஜமாகவே. அந்தப் பக்கம் மைசூர்ப் பருப்பு வகைகள் டன் கணக்கில் விளைகிறது. ஆளுயர அண்டாவில் பருப்பும் மிளகாயும் போட்டுக் காய்ச்சி வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக ஊற்றுகிறார்கள். துவரம்பருப்பு வாங்க எழுபது மைல் தள்ளி ஸ்போகேனுக்குப் போகவேண்டிய ஊரில் பருப்புக்குத் திருவிழா! நானும் என் அறைத்தோழனும் நின்று, தாளிக்காமல் விட்டுவிட்டார்களே என்று வருத்தப்பட்டுக்கொண்டே மூன்று கிண்ணம் குடித்தோம்.

அந்த நவம்பரில் என் முதல் ஆட்டம். ஆப்பிள் கப் என்ற வருடாந்தர ஆட்டம், எதிரில் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம். நாங்கள் அந்த சீசனில் பதினொன்றில் ஒன்று ஜெயித்திருந்தோம், அவர்கள் பத்தில் பூஜ்யம். அமெரிக்காவின் ஆக மோசமான இரண்டு அணிகள். இரண்டு கூடுதல் சுற்று போய் 16-13 என்று நாங்கள் ஜெயித்தோம். விதிகள் எதுவும் தெரியாமல், விரல் மரத்துப்போய், தெரியாத ஆட்களைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். அங்கே ஒரு வினைச்சொல் உண்டு. ஜெயிக்கவேண்டியதைக் கடைசியில் கோட்டை விட்டால் "கூக் பண்ணிட்டான்" என்பார்கள். கூகர் என்பது எங்கள் சின்னம், அதிலிருந்து வந்தது. பேக்-12 செய்ததும் அதுதான். மொத்தக் கான்ஃபரன்ஸும் கூக் பண்ணியது.

2009ல் லாரி ஸ்காட் கமிஷனராக வந்தார், பெண்கள் டென்னிஸ் சங்கத்திலிருந்து. 2011ல் ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் இரண்டோடும் 12 வருடத்துக்கு, சுமார் 3 பில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். அன்றைக்கு அதுதான் நாட்டிலேயே பெரியது. எல்லோரும் ஸ்காட்டைத் தலையில் தூக்கி வைத்தார்கள். அடுத்த வருடம் சொந்தச் சேனல். பிக் டென் போல ஃபாக்ஸோடு பங்கு இல்லை, முழுக்க முழுக்க நம்முடையது என்றார். ஒன்று இல்லை, ஏழு சேனல்: தேசியத்துக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று என்று ஆறு. சான் பிரான்சிஸ்கோவில் ஆபீஸ், ஸ்டூடியோ.

பங்குதாரர் இல்லை என்றால் லாபம் முழுதும் நமக்கு. சரிதான். ஆனால் கேபிள் கம்பெனியோடு சண்டை வந்தால் கூட நிற்க ஆளும் இல்லை. ஃபாக்ஸ், "என் சேனலை எடுக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) ஆட்டமும் உனக்குக் கிடையாது" என்று சொல்லமுடியும். தென் மாநிலக் கல்லூரிகளின் கூட்டணியான எஸ்இசியின் நெட்வொர்க் 2014ல் வந்தபோது பின்னால் ஈஎஸ்பிஎன் நின்றது. பேக்-12க்குப் பின்னால் யாரும் இல்லை. டைரக்டிவி என்ற பெரிய டிஷ் கம்பெனி கடைசி வரை எடுக்கவே இல்லை. ஸ்போர்ட்ஸ் பார் பாதியில் டைரக்டிவிதான் ஓடும். கலிஃபோர்னியாவிலேயே பாருக்குப் போய் ஸ்டான்ஃபோர்டு ஆட்டம் போடச் சொன்னால் கையை விரிப்பார்கள்.

ஊருக்குள் நல்ல கடை வைத்து, சாலை போட மறந்த கதை.

செப்டம்பர் 2

டைரக்டிவியைப் பற்றி எழுதிய மறுநாளே பாருங்கள். நேற்று ஞாயிறு மாலை யுஎஸ்சி - எல்எஸ்யு என்ற இரண்டு பெரிய கல்லூரிகளின் ஆட்டம் நெருங்கும் நேரத்தில் டைரக்டிவியில் டிஸ்னி சேனல்கள் அத்தனையும் போய்விட்டன, ஈஎஸ்பிஎன் உட்பட. போன வருடம் இதே வாரம் ஸ்பெக்ட்ரம் கேபிளில் இதேதான், ஃப்ளாரிடா - யூட்டா ஆட்டத்தின்போது. ஒப்பந்தம் முடியும் தேதியை யார் வைக்கிறார்களோ, அவர்களுக்கு ஃபுட்பால் அட்டவணை மனப்பாடம்.

செப்டம்பர் 8

ஒருவர் எழுதியிருக்கிறார்: டிவிக்காரனைத் திட்டாதீர்கள், கையெழுத்துப் போட்டது துணைவேந்தர்கள். ஒத்துக்கொள்கிறேன். அங்கே அவர்களை பிரசிடென்ட் என்பார்கள், பேக்-12ல் பன்னிரண்டு பேர்.

வரிசையாகச் சொல்கிறேன். 2022 ஜூன் 30, லாஸ் ஏஞ்சலிஸ் கல்லூரிகளான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவிப்பு. ஆகஸ்டில் பிக் டென், ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு வருடத்துக்கு 7 பில்லியனுக்கு மேல் ஒப்பந்தம். மீதிப் பத்துப் பேருக்கு ஈஎஸ்பிஎன் ஆளுக்கு 30 மில்லியன் அளவில் பேசியதாகவும், இவர்கள் 50 கேட்டதாகவும் செய்தி வந்தது. ஈஎஸ்பிஎன் எழுந்து போய்விட்டது, அந்தக் காசை பிக் 12 வாங்கிக்கொண்டது. நம் பெண்ணுக்கு இதைவிட நல்ல வரன் வரும் என்று காத்திருந்த வீடு.

2023 ஜூலை கடைசியில் கொலராடோ போனது. ஆகஸ்ட் முதல் தேதி, ஸ்காட்டுக்குப் பின் வந்த கமிஷனர் ஜார்ஜ் கிளியாவ்காஃப் ஆப்பிள் கம்பெனியின் ஸ்ட்ரீமிங் ஒப்பந்தத்தைக் காட்டினார். சந்தா எண்ணிக்கை ஏறினால் காசு ஏறும், இல்லாவிட்டால் அடிமட்டத் தொகை மட்டும். ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை காலை கையெழுத்து என்று கூட்டம் கூட்டினார்கள். அன்று காலையே வாஷிங்டனும் ஆரிகனும் பிக் டென்னுக்குப் போய்விட்டன. மாலைக்குள் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12க்கு. நூற்றெட்டு வருடக் கான்ஃபரன்ஸ் ஒரு வெள்ளிக்கிழமையில் முடிந்தது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர், வீட்டில் ஏதாவது துக்கமா என்று கேட்டார்.

வாஷிங்டனும் ஆரிகனும் முழுப் பங்குக்குக்கூடப் போகவில்லை. தொடக்கத்தில் வருடத்துக்கு 30 மில்லியன், மற்ற பிக் டென் கல்லூரிகளுக்குக் கிடைப்பதில் பாதி அளவு. அரைச் சம்பளத்துக்குப் போனார்கள், ஏனென்றால் அந்தச் சம்பளம் நிச்சயம்.

தம்பி, உங்கள் பெர்க்லி கதை அதைவிடப் பாவம். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஒரு மாதம் அநாதையாக நின்றன. ஏசிசியில் ஓட்டெடுப்பு, 15ல் 12 வேண்டும். ஒரு ஓட்டு மனம் மாறி 12-3 என்று செப்டம்பர் முதல் தேதி உள்ளே வந்தார்கள், பல வருடத்துக்கு 30 சதப் பங்குக்கு. கூட வந்த டாலஸ் எஸ்எம்யு ஒன்பது வருடம் ஏசிசி டிவி காசே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. அவர்களுடைய பணக்காரப் பழைய மாணவர்கள் ஒரு வாரத்துக்குள் 100 மில்லியன் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் என் கல்லூரிக்கு வருடம் ஐம்பது டாலர் அனுப்புகிறேன்.

இன்னொன்று. யுசிஎல்ஏ போனதால் பெர்க்லிக்கு நஷ்டம் என்று, இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக்குழு யுசிஎல்ஏவை வருடத்துக்கு 10 மில்லியன், மூன்று வருடம் பெர்க்லிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டது. அங்கே அதற்கு வைத்த செல்லப்பெயருக்கு நேர் தமிழ் ஜீவனாம்சம்தான்.

செப்டம்பர் 9

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மனைவி கேட்டார்: "அப்புறம் நம்ம கேபிள் பில்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. முதல் நாள் போட்ட வாக்கியத்தைக் கொஞ்சம் பின்வாங்குகிறேன். ரட்கர்ஸை அழைத்தது கேபிள் காலத்துக் கணக்கு: எத்தனை வீட்டில் கம்பி போகிறது. 2011ல் ஈஎஸ்பிஎன் பத்துக் கோடி வீட்டில் இருந்தது, இப்போது ஏழு கோடிப் பக்கம். கம்பியை அறுத்துவிட்டால் அந்தப் பாட்டி காசு கிடையாது. ஆகவே 2022க்குள் கணக்கு மாறிவிட்டது. எத்தனை பேர் நிஜமாக உட்கார்ந்து பார்க்கிறார்கள், சனிக்கிழமை மூன்றரைக்கு யார் ஆட்டம் போட்டால் நாற்பது லட்சம் பேர் நிற்பார்கள். யுஎஸ்சியை எடுத்தது இந்தக் கணக்கில். இன்றைய கணக்கில் ரட்கர்ஸை யாரும் அழைக்கமாட்டார்கள், ஆனால் உள்ளே வந்தவரை வெளியே அனுப்பும் வழக்கம் இல்லை. புல்மன் இரண்டு கணக்கிலும் இல்லை. முப்பதாயிரம் பேர் ஊர்.

ஆக, என் கேபிள் பில் கொல்லவில்லை. கூட நின்றது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

செப்டம்பர் 12

பாய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், கொலராடோ ஸ்டேட் நான்கும் 2026 முதல் பேக்-12ல்! இரண்டு பேர் ஆறு பேர் ஆனோம்.

எங்கிருந்து என்றால் மவுண்டன் வெஸ்டிலிருந்து. இந்த வருடம் ஆட ஆளில்லாமல் நின்ற எங்களுக்கு 14 மில்லியன் வாங்கிக்கொண்டு ஆட்டம் கொடுத்த அதே கான்ஃபரன்ஸ். தங்களிடமிருந்து ஆள் பிடித்தால் அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருந்தார்கள், நான்கு பேருக்கு 43 மில்லியன் வருகிறது. பிடித்தாயிற்று. போன வருடம் பூரா "துரோகம்" என்று எழுதியவன் நான். இன்று காலை சந்தோஷத்தில் ஆபீஸில் எல்லோருக்கும் டோனட். இதைச் சுட்டிக்காட்டி யாரும் எழுதவேண்டாம், எனக்கே தெரியும்.

செப்டம்பர் 15

ஜெயித்தோம். 24-19.

ஆப்பிள் கப் இந்தத் தடவை சியாட்டிலில், என்எஃப்எல் மைதானத்தில், செப்டம்பரில். வழக்கமாக நவம்பர் குளிரில் நடப்பது. வேறு வேறு கான்ஃபரன்ஸ் ஆகிவிட்டதால் சீசன் தொடக்கத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பெரிய சேனல் எதிலும் இல்லை, பீகாக் என்ற ஆப்பில் மட்டும். அது என்பிசியுடையது, பிக் டென் ஒப்பந்தத்தில் வந்தது. அதாவது என் கல்லூரியை விட்டுப்போனவர்கள் சேர்ந்த கூட்டணிக்கு 7 டாலர் 99 சென்ட் கட்டி, என் கல்லூரி ஆடுவதைப் பார்த்தேன்.

கடைசியில் அவர்களுக்குக் கோட்டுக்கு ஒரு கஜம். நான்காவது முயற்சி, தோற்றால் பந்து எங்களுக்கு. எடிசனில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் நாற்பத்து மூன்று வயது ஆள் சோபாவின் கைப்பிடிமேல் ஏறி நிற்கிறேன். நிச்சயம் கூக் பண்ணப்போகிறார்கள் என்று தெரியும், பதினாறு வருட அனுபவம். ஓரத்துக்கு ஓடினார்கள். இடமே இல்லாத பக்கம். மடக்கிப் போட்டார்கள். என் மகள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்துவிட்டு, "அப்பா, நீங்க அழறீங்களா?" என்றாள். இல்லை என்றேன்.

கீழ்வீட்டுக்காரர் கரண்டியால் சீலிங்கைத் தட்டினார்.

செப்டம்பர் 28

நேற்று வெள்ளி இரவு பிஸ்கட்டவேயில் ரட்கர்ஸ் மைதானம். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம், பதின்மூன்று வருடத்தில் முதல் முறை போகிறேன். எதிரணி யார்? வாஷிங்டன். ஜனவரியில் தேசிய இறுதிப்போட்டி வரை போன அணி, கண்டம் தாண்டிப் பறந்து எங்கள் கவுண்டிக்கு வந்திருக்கிறது. ஏன் வெள்ளிக்கிழமை? ஃபாக்ஸுக்கு வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஒரு ஆட்டம் வேண்டும்.

எனக்கு முன் வரிசையில் ஒரு தெலுங்குக் குடும்பம், ரட்கர்ஸ் சிவப்புச் சட்டை, டப்பாவில் புளிஹோரா எப்படியோ உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். பின்னால் சியாட்டிலிலிருந்து வந்த வயதான தம்பதி, ஊதா தொப்பி. அந்த அம்மாவுக்கு ரட்கர்ஸ் எந்த ஊர் என்றே தெரியவில்லை, நியூயார்க் என்று நினைத்து மன்ஹாட்டனில் ரூம் போட்டுவிட்டார்கள். டெலானி கேட்டிருந்தால் சிரித்திருப்பார், 2012ல் அவர் விற்ற கதையும் அதுதானே.

ரட்கர்ஸ் 21-18. நான் ரட்கர்ஸுக்குக் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரன் கடமை. திரும்பும்போது காரில் ஒன்று உறைத்தது. 9ஆம் தேதி ரட்கர்ஸை வெறும் கேபிள் கணக்கு என்று எழுதினேன். மைதானம் நிறைந்திருந்தது. அந்தத் தெலுங்குப் பையனுக்கு எட்டு வயதிருக்கும், ஆட்டக்காரர்கள் பெயரெல்லாம் மனப்பாடம். பத்து வருடம் வீட்டில் ஓசியாக ஓடிய சேனல் அவனை ரசிகனாக்கியிருக்கிறது. ஓசி இல்லை, நாங்கள் எல்லோரும் கட்டினோம், சரி.

அக்டோபர் 6

தம்பி, நேற்று காலை உங்கள் கேம்பஸுக்கு ஈஎஸ்பிஎன்னின் கேம்டே நிகழ்ச்சி வந்ததே, போனீர்களா? கூட்டத்தில் பூனை முகம் போட்ட சிவப்புக் கொடி ஒன்று ஆடியிருக்கும். அது எங்களுடையது. 2003 அக்டோபரிலிருந்து அந்த நிகழ்ச்சி எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒரு பழைய மாணவன் வாஷிங்டன் ஸ்டேட் கொடியைக் கொண்டுபோய் ஆட்டிவிடுவான். ஒரு வாரம் தவறியதில்லை. இருபது வருடம் காசில்லாத விளம்பரம், அதே ஈஎஸ்பிஎன்னில். கேம்டே ஒரே ஒரு முறை புல்மனுக்கு வந்தது, 2018ல்.

ஆட்டத்தையும் பார்த்தேன். இங்கே பத்தரைக்கு ஆரம்பம். 35-10 என்று முன்னால் இருந்தீர்கள், மயாமியிடம் 38-39. தூங்கும்போது விடிகாலை இரண்டைத் தாண்டிவிட்டது. மொழிக்கு ஒரு புது உறுப்பினர்: நீங்களும் கூக் பண்ணிவிட்டீர்கள்.

அக்டோபர் 7

கொடியைப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன் என்று எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. போட்டோவில் கொடியின் மூலை மட்டும் தெரிகிறது, மீதி யாருடைய தலையோ.

அக்டோபர் 26

ரட்கர்ஸ் நேற்று லாஸ் ஏஞ்சலிஸில், யுஎஸ்சியிடம் 42-20. இங்கே இரவு பதினொன்றுக்கு ஆரம்பம். முதல் கால்பகுதியில் தூங்கிவிட்டேன்.

ஃபுட்பால்காரர்கள் வருடத்தில் நாலைந்து தடவைதான் வெளியூர் போகிறார்கள், தனி விமானம், கூடவே டாக்டர், சமையல்காரர். வாலிபால் பெண்களை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு ஆட்டம், நடுவில் மிட்டெர்ம். பெர்க்லி வாலிபால் அணி இந்த சீசனில் அட்லாண்டிக் கரைப் பக்கமெல்லாம் போகவேண்டும். அவர்களுக்காக எந்த டிவியும் காசு கொடுக்கவில்லை, ஃபுட்பாலுக்காகப் போட்ட கூட்டணியில் மூட்டையாகக் கட்டி அனுப்பப்பட்டவர்கள். ஃபுட்பாலை மட்டும் தனிக் கூட்டணியாக்கி, மற்ற விளையாட்டெல்லாம் பக்கத்து ஊரோடு ஆடலாமே என்று பல பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் ஏப்ரலில் பெண்கள் கூடைப்பந்து இறுதியை 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள், ஆண்களுடையதைவிட நாற்பது லட்சம் அதிகம். அந்தக் கூட்டத்தை இழுத்த கெய்ட்லின் கிளார்க் அயோவாவில், பிக் டென்னில் ஆடியவர். அப்படி ஒருவர் வந்தால் மூட்டையை யார் அவிழ்த்துக் கொடுப்பார்கள்?

தெரியவில்லை. தூக்கம் வருகிறது.

நவம்பர் 24

ஆரிகன் ஸ்டேட் 41, நாங்கள் 38. இரண்டே பேர் இருக்கும் கான்ஃபரன்ஸில் இரண்டாம் இடம்.

டிசம்பர் 20

வாஷிங்டனை வீழ்த்திய எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜான் மட்டீர் ஒக்லஹோமாவுக்குப் போகிறார். இந்த வருடம்தான் எஸ்இசியில் சேர்ந்த கல்லூரி. கோச் ஜேக் டிக்கர்ட் வேக் ஃபாரஸ்டுக்கு, அது ஏசிசி, தம்பியின் கூட்டணி. ஒரே வாரத்தில் இரண்டும். பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான்கூட எம்.எஸ். முடித்ததும் அதிகச் சம்பளம் கொடுத்த ஊருக்குத்தானே வந்தேன்.

1984ல் வழக்குப் போட்டு இதையெல்லாம் தொடங்கி வைத்ததும் ஒக்லஹோமாதான். இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

கல்லூரிப் பால்பண்ணையிலிருந்து வருடா வருடம் டிசம்பரில் சீஸ் வரவழைப்பேன். டப்பாவில் அடைத்த சீஸ், முப்பது அவுன்ஸ், கூகர் கோல்டு என்று பெயர், அங்கே மாணவர்களே செய்வது. நேற்று வந்தது. காசு கட்டியதைச் சரிபார்க்க கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்தேன். சீஸுக்கு மேலே இன்னொரு வரி: பீகாக், 7.99. அதற்கு முந்தைய மாதம், 7.99. அதற்கும் முந்தைய மாதம்.

மனைவி பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.